பெயரை ஏட்டில் எழுதுகிறவர்

லாஸ்பேட்டையில் யாரைக் கேட்டாலும் ஊர்ப் பெயருக்கு விளக்கம் தயாராக இருக்கும். "லா துரையோட பேட்டை, அதான் லாஸ்பேட்டை." துரையின் முழுப்பெயர் ழான் லா தெ லொரிஸ்தோன். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை வந்தது. 1765-ல் அந்த இடிபாடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நகரத்தை மறுபடி எழுப்பத் தொடங்கியவர் இந்த லா. 1777-ல் பதவியை விட்டுப் போனார்.

அவருடைய பெரியப்பா இன்னும் பிரபலம். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லா. பிரான்சில் காகிதப் பணத்தைப் புழக்கத்தில் விட்டு, 1720-ல் அது சரிந்தபோது ஊரை விட்டே ஓடியவர். கையில் இருந்த காகிதம் பொன்னைச் சுட்டியது. போய்க் கேட்டால் அங்கே அவ்வளவு பொன் இல்லை. இந்தப் பெரியப்பாவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

துரை போய் இருநூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. பேட்டையும் அன்றைய பேட்டை இல்லை. விமான நிலையம் வந்தது, தாகூர் கலைக் கல்லூரி வந்தது, பாலிடெக்னிக் வந்தது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆட்டோவில் ஏறி "லாஸ்பேட்டை" என்றால் ஓட்டுநர் துரையைத் தேடிப் போவதில்லை. இன்றைக்கு அந்தப் பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறதோ அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். பெயர் நிலையாக இருக்க, அது சுட்டும் பொருள் மாறிக்கொண்டே போகலாம். கணினி உலகம் இந்தச் சௌகரியத்தைப் பெரிய பாடுபட்டுத்தான் கற்றுக்கொண்டது. ஜாவா நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உதவும் பொருட்களை ஒரு பெயரேட்டில் வைத்துத் தேடி எடுக்கும் ஏற்பாடு அந்தக் கல்வியின் ஒரு பாடம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கடைசியில் ரேஷன் அரிசியைப் பற்றியதும்கூட.

*

பெயரைத் தனியாக ஒரு ஏட்டில் வைப்பது புதுச்சேரிக்குப் புதிதில்லை. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்புகிறவர் அதைப் பதிவு செய்யலாம். கூடவே தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அதற்குப் பின் சொத்து வழக்கு வந்தால் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இந்தப் பெயருக்கு எந்தச் சட்டம்? மனிதர் அதே மனிதர், வீடும் அதே வீடு. ஏட்டில் ஒரு வரி மாறியதால் பிள்ளைகளுக்குப் போகும் பாகம் மாறுகிறது.

ஏட்டில் இருப்பது ஆள் இல்லை. அந்த ஆளை என்ன செய்வது என்பதற்கான குறிப்பு. இதே வேலையைத்தான் ஜாவாவின் பெயரேடும் செய்கிறது.

*

1980களில் நியூயார்க் பங்குச்சந்தைத் தரகர்களின் மேசைகளில் பல திரைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு தகவல் நிறுவனத்துக்கும் ஒரு தனித் திரை, தனி விசைப்பலகை. ஒன்றில் வருவது இன்னொன்றுக்குத் தெரியாது. அதைப் பார்த்து ஒரு வழி யோசித்தவர்களில் முக்கியமானவர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. கணினியின் தாய்ப்பலகையில் பஸ் என்று ஒரு பொதுப் பாதை உண்டு. எந்த அட்டையைச் சொருகினாலும் அந்தப் பாதையில் பேசலாம். மென்பொருளுக்கும் அப்படி ஒரு பாதை இருந்தால் என்ன? டெக்நெக்ரான் என்ற பெயரில் அவர் தொடங்கிய நிறுவனம் அதைச் செய்தது. அதன் வழியில் வந்ததுதான் 1997-ல் உருவான டிப்கோ.

அதில் அனுப்புகிறவர் யாருக்கு அனுப்புகிறோம் என்று எழுதுவதில்லை. எதைப் பற்றி என்று மட்டும் எழுதுகிறார். வேண்டியவர் அந்தத் தலைப்புக்குப் பதிந்துகொண்டு வாங்கிக்கொள்கிறார். அனுப்பியவருக்கு வாங்கியவரைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

1993-ல் ஐபிஎம் எம்க்யூசீரிஸ் என்று இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. இது வரிசை. அனுப்பும் செய்தி ஒரு வரிசையில் போய் உட்காரும். வாங்க வேண்டிய இயந்திரம் அணைந்திருந்தாலும் பரவாயில்லை, எழுந்து வந்து எடுத்துக்கொள்ளும். வங்கிகளுக்கு இது பிடித்துப்போனது. பணம் பற்றிய செய்தி நடுவழியில் தொலையக் கூடாது, ஒரு முறைதான் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் கவலை.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு கம்பெனியின் பொருளுக்கும் அதனதன் பேச்சு. எந்த இயந்திரம், எந்தப் போர்ட், எந்தச் சேனல், எந்த வரிசை மேலாளர் என்று எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். இயந்திரம் இடம் மாறினால் நிரலைத் திறந்து திருத்தி, மறுபடி கட்டி, மறுபடி சோதிக்க வேண்டும். வீடு மாறியதற்காக ஆளையே மாற்றுகிற கதை.

சன் நிறுவனம் மற்ற கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு 1998-ல் ஜாவா மெசேஜ் சர்வீஸ் என்ற பொது வரையறையை வெளியிட்டது. சுருக்கமாக ஜேஎம்எஸ். அதில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. நிரலுக்குத் தேவை இரண்டே பொருட்கள். ஒன்று, இணைப்பை உண்டாக்கித் தரும் பொருள். மற்றது, செய்தி போக வேண்டிய இடத்தைக் குறிக்கும் பொருள். கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற அத்தனை விவரமும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். இவற்றைச் செய்வது நிரலாளர் வேலை இல்லை, நிர்வாகியின் வேலை. அதனால் இவற்றுக்கு நிர்வகிக்கப்படும் பொருட்கள் என்றே பெயர். நிர்வாகி செய்து ஓர் ஏட்டில் வைப்பார். நிரல் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளும்.

*

எந்த ஏட்டில்? அதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது.

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஒரு காலத்தில் எல்லா இயந்திரங்களின் பெயரும் முகவரியும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புது இயந்திரம் வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் ஏற்றுவார்கள், மற்றவர்கள் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். வலை பெருத்ததும் ஒரு கோப்பு தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ், பெயர்களைப் பல ஏடுகளில் பங்கிட்டு வைக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். 1988-ல் தொலைபேசித் துறையினரின் உலக அமைப்பு எக்ஸ்.500 என்ற பிரம்மாண்டமான அடைவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சின்ன கணினிகளுக்கு அது ரொம்பக் கனம். 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் கூட்டாளிகளும் அதை இளைக்கவைத்து எல்டாப் ஆக்கினார்கள். ஆபீசில் நாம் காலையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே போகிறோமே, பல இடங்களில் பின்னால் இருந்து "ஆமாம், இவர் நம்ம ஆள்தான்" என்று சொல்வது இந்த எல்டாப் குடும்பத்து ஏடுதான்.

இத்தனை வகை ஏடுகளுக்கும் ஜாவா ஒரே வாசலை வைத்தது. ஜேஎன்டிஐ. 2000-ல் வந்த ஜாவா 1.3-ல் அது உள்ளேயே சேர்ந்து வந்தது. வாசலுக்குப் பின்னால் எல்டாப் சர்வர் இருக்கலாம், வட்டில் ஒரு சாதாரணக் கோப்பும் இருக்கலாம். கேட்கிற நிரலுக்கு வித்தியாசம் தெரியாது.

ஐபிஎம் எம்க்யூவை வைத்து இதை அமைக்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் ஒரு அமைவுக் கோப்பில் இரண்டு வரி. ஏடு எந்த வகை, ஏடு எங்கே இருக்கிறது. கோப்பு வகை என்றால் அதற்கான வகுப்பின் பெயரையும் ஒரு கோப்புறையின் இடத்தையும் கொடுப்போம். எல்டாப் என்றால் வேறு வகுப்பு, சர்வரின் முகவரி. பிறகு ஜேஎம்எஸ்அட்மின் என்ற கருவியைத் திறந்து, இந்தப் பெயரில் ஓர் இணைப்புப் பொருள், இந்தப் பெயரில் ஒரு வரிசைப் பொருள் என்று ஒவ்வொன்றாக வரையறுக்க வேண்டும். முடித்ததும் அந்தக் கோப்புறையில் புள்ளி பைண்டிங்ஸ் என்று ஒரு கோப்பு பிறக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் யூனிக்ஸில் சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணில் படாது. புதிதாக வந்த பிள்ளைகள் "எதுவுமே வரலையே" என்று முழிப்பது இந்த இடத்தில்தான். திறந்து பார்த்தால், பொருளின் பெயர், அது எந்த வகுப்பு, அதை மறுபடி உருவாக்கத் தெரிந்த தொழிற்சாலை வகுப்பு எது, பிறகு ஹோஸ்ட், போர்ட், சேனல் என்று வரி வரியாக இருக்கும். பொருள் உள்ளே இல்லை, பொருளைச் செய்துகொள்வதற்கான குறிப்பு இருக்கிறது.

அடுத்த தடுமாற்றம் இன்னும் சுவாரசியம். ஏட்டில் வரிசையின் பெயரை எழுதிவிட்டால் வரிசை உண்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். இல்லை. வரிசையை வரிசை மேலாளரிடம் போய்த் தனியாக உண்டாக்க வேண்டும். ஏடு அதைச் சரிபார்ப்பதில்லை. நிரல் பெயரைச் சொல்லித் தேடும், ஏடு சந்தோஷமாக எடுத்துக் கொடுக்கும். செய்தியைப் போடப் போகும்போதுதான் அப்படி ஒரு வரிசையே இல்லை என்று தெரியும். ஜான் லா பெரியப்பாவின் காகிதம் கையில் இருக்கிறது, கஜானாவில் பொன் இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பொன் இருக்கும், வேறு கஜானாவில்.

*

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம். சோதனை இயந்திரத்தில் ஒரு பைண்டிங்ஸ் கோப்பு, நிஜ இயந்திரத்தில் ஒன்று. இரண்டிலும் பெயர்கள் ஒன்றேதான். அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகே. நிரலைத் தொடாமல் சோதனையிலிருந்து நிஜத்துக்குப் போகலாம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோப்புறையை மொத்தமாகப் பிரதி எடுத்தபோது கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளிக் கோப்பும் கூடவே போனது. நிஜ நிரல், சோதனை வரிசைக்குச் செய்தி போட ஆரம்பித்தது. பிழை எதுவும் இல்லை. தேடினது கிடைத்தது, இணைப்பு வந்தது, செய்தி போனது. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை.

"எல்லாம் போயிடுச்சுக்கா, பச்சையாத்தான் இருக்கு," என்றேன்.

"போயிடுச்சு சரி. எங்க போச்சு?" என்றார் அணித் தலைவியாக இருந்த அக்கா. "கோடைப் பாக்காத. பைண்டிங்ஸைத் திற."

திறந்தோம். ஹோஸ்ட் பெயர் ஒற்றை வரியில் பல்லிளித்தது. செய்திகளைத் திரும்பப் பொறுக்கிச் சேர்க்க நள்ளிரவு ஆனது. பெயர் தப்பாக இருந்தால் ஏடு கத்தும். பெயர் சரியாக இருந்து முகவரி தப்பாக இருந்தால் யாரும் கத்துவதில்லை. அனுப்பினவன் அனுப்பிவிட்டேன் என்பான், அது உண்மைதான். வாங்க வேண்டியவன் வரவில்லை என்பான், அதுவும் உண்மை.

அதன்பின் எங்கள் அணி கோப்பை விட்டு எல்டாபுக்கு மாறியது. ஒரே இடத்தில் ஏடு, நிரல்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி, எழுத இரண்டு பேருக்கு மட்டும். யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்ற பதிவும் வைத்தோம். எழுதும் கையைக் கட்டுப்படுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். கேட்பவர் எந்த ஏட்டைக் கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

*

1999 அக்டோபரில் வெளியான ஓர் இணைய வரையறை, ஜாவா பொருட்களை எல்டாப் ஏட்டில் எழுதிவைக்கும் முறையைச் சொன்னது. வகுப்பின் பெயர், தொழிற்சாலையின் பெயர் இவற்றோடு இன்னொரு புலமும் உண்டு. அந்தத் தொழிற்சாலையின் நிரல் உன்னிடம் இல்லையென்றால் இந்த இடத்திலிருந்து இறக்கிக்கொள் என்று ஓர் இணைய முகவரி. அன்றைக்கு இது தாராள மனசு. அலுவலகத்துக்குள் இருக்கும் ஏடு, தெரிந்த நிர்வாகி எழுதியது, நம்பினால் என்ன?

2013-ல் லாக்4ஜே என்ற ஜாவா பதிவு நூலகத்தில் ஒரு வசதி சேர்ந்தது. பதிவில் எழுதப்படும் வாசகத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவம் வந்தால், அதை ஜேஎன்டிஐ பெயராக எடுத்துக்கொண்டு ஏட்டில் தேடும். 2016-லேயே இரண்டு ஆய்வாளர்கள் ஒரு மாநாட்டில் எச்சரித்தார்கள். தேடவேண்டிய பெயரை அந்நியர் கொடுக்க முடிந்தால், அவர் தன் சொந்த ஏட்டுக்கே நம்மைக் கூட்டிப்போய், தன் நிரலை நம் வீட்டுக்குள் ஓடவிடலாம். 2021 நவம்பரில் அலிபாபா கிளவுடின் சென் ஜாவ்ஜுன் லாக்4ஜேயில் அந்த ஓட்டையைக் கண்டு தெரிவித்தார். டிசம்பர் 9, 10 வாக்கில் விஷயம் வெளியே வந்ததும் உலகம் முழுக்க ஆபீஸ்களில் யாரும் தூங்கவில்லை. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினால் போதும் என்ற நிலை. ஆபத்து அளவுகோலில் பத்துக்குப் பத்து.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. லாக்4ஜேயின் பழைய முதல் பதிப்பில் ஜேஎம்எஸ் வழியாகப் பதிவுகளை அனுப்பும் ஒரு பகுதி உண்டு. அது இணைப்புப் பொருளையும் தலைப்பையும் ஜேஎன்டிஐயில் பெயர் சொல்லித்தான் தேடியது. அமைவுக் கோப்பில் எழுத முடிந்தவர் அந்தப் பெயரை மாற்றி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அதே மாதம் அதற்கும் ஓர் எச்சரிக்கை எண் கிடைத்தது. நாம் அமைத்துவைத்த அதே சங்கிலிதான்: பெயர், ஏடு, தொழிற்சாலை, பொருள். நான்கு கண்ணியும் சரியாகவே வேலை செய்தன. ஏடு யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

*

இப்போது லாஸ்பேட்டைக்குத் திரும்பலாம்.

2015 செப்டம்பரில் மத்திய அரசு சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கியது. கடைக்குப் போய் மூட்டையைப் பார்த்துக் கேட்டவர்கள் பாஸ்புக்கைப் பார்த்துக் கேட்க வேண்டியதானது.

ஆதார் எண்ணை வைத்து மானியம் அனுப்பும் வழியில் ஓர் ஏடு இருக்கிறது. தேசிய பணப்பட்டுவாடா கழகம் வைத்திருக்கும் அந்த ஏட்டுக்கு மேப்பர் என்று பெயர். ஜாவா பெயரேடு இல்லை இது, ஆனால் எலும்புக்கூடு அதேதான். அனுப்புகிற அரசுத் துறைக்குக் கணக்கு எண் தேவையில்லை. ஆதார் எண்ணைச் சொன்னால் ஏடு ஒரு வங்கியைக் காட்டும், பணம் அந்த வங்கிக்குப் போகும், வங்கி தன் பதிவைப் பார்த்துக் கணக்கில் சேர்க்கும். ஒருவருக்கு நாலு வங்கியில் கணக்கு இருக்கலாம். ஏடு காட்டுவது ஒன்றை மட்டும், கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அதை.

கணக்கை மாற்றினால் ஒவ்வொரு துறையாக ஏறி இறங்க வேண்டாம் என்பது நிஜமாகவே பெரிய வசதி. ஆனால் எழுதும் கை யாருடையது? எங்கோ ஒரு கவுன்டரில் ஆதாரைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அன்றைக்கு நம் வரி மாறுகிறது என்று நமக்குத் தெரியுமா? ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பேமென்ட் வங்கி, சிம் சரிபார்க்க வந்தவர்களுக்கு அவர்கள் அறியாமலே கணக்குத் திறந்துவிட்டது என்று புகார்கள் கிளம்பின. சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்திவைத்தது.

புதுச்சேரி உள்ளிட்ட யூனியன் பிரதேசங்களின் ரேஷன் பணத் திட்டத்தைப் பற்றி நிதி ஆயோக்குக்காக ஒரு கண்காணிப்பு ஆய்வு நடந்தது. அரசுப் பதிவுகளின்படி தவறிய பரிமாற்றங்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. வீடு வீடாகப் போய்க் கேட்டபோது சுமார் ஐந்தில் ஒருவர் பணம் வரவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் ஏட்டின் மேல் பழி போட முடியாது. சிலருக்குப் பணம் வந்தும் வந்தது தெரியவில்லை. சிலருக்கு அவர்கள் பயன்படுத்தாத வேறொரு கணக்கில் விழுந்தது. சிலருக்கு நிஜமாகவே வரவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அந்த வெள்ளிக்கிழமைத் திரைதான் கண்முன் வந்தது. முழுக்கப் பச்சை.

எனக்கு நள்ளிரவு வரை தூக்கம் போனது, அவ்வளவுதான். இங்கே போனது ஒரு வீட்டின் மாத அரிசி. என்னிடம் பைண்டிங்ஸைத் திற என்று சொல்ல ஓர் அக்கா இருந்தார், திறந்து படிக்க அனுமதியும் இருந்தது. பாஸ்புக்கோடு வரிசையில் நிற்கிற அம்மாவிடம் கவுன்டர்க்காரர் "இங்க ஏறலம்மா, வேற பேங்க்ல பாருங்க" என்றால், எந்த பேங்க் என்று அவர் யாரைக் கேட்பார்? அவர் பெயரில் இருக்கிற வரி, அவர் கண்ணுக்கு மட்டும் தெரியாத வரி.

2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. அதற்கு அரசியல் காரணங்கள் பல. ஆனால் கடையில் ஒரு நேர்மை இருக்கத்தான் செய்கிறது. அரிசி இல்லையென்றால் இல்லை என்று கண்ணால் பார்க்கலாம், சண்டை போட எதிரே ஓர் ஆள் இருப்பார்.

பெயரேடுகளை இனி ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டியதில்லை. அவை இல்லாவிட்டால் மறுபடி ஒவ்வொரு நிரலுக்குள்ளும் முகவரியைச் செதுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். எழுதும் கைகள் குறைவாக இருக்கட்டும், மாற்றம் பதிவாகட்டும், யார் ஏடு என்று கேட்காமல் நம்ப வேண்டாம். இதையெல்லாம் இரண்டு பேர் கொண்ட எங்கள் அணியே செய்தது. நான்காவதாக ஒன்று, நாங்கள் செய்யாதது: பெயருக்குச் சொந்தக்காரர் தன் வரியைப் படிக்க முடிய வேண்டும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பக்கம் இப்போது இருக்கிறது. எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் கடவு எண்ணைப் போட்டால், ஏடு உங்களுக்கு எந்த வங்கியைக் காட்டுகிறது என்று சொல்லும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதை ஒரு தடவை திறந்து காட்டுங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.